மெரூன் பக்கம்

கத்திய கத்தில் அவர் மூக்குக்கண்ணாடி நழுவியது.

"போடு பாப்பா!"

மெரூன் ஜெர்சி ஏழாம் எண் போட்டாள். பந்து வலையை மட்டும் உரசி இறங்கியது.

முன்வரிசை சோபாக்கள் மொத்தமும் எழுந்து நின்றன.

முன்னாள் மாணவர் சங்கம். எல்லோருக்கும் கல்லூரி நிறத்தில் மெரூன் டீ-ஷர்ட். தொப்பைமேல் கல்லூரிச் சின்னம், சற்றே அகலமாக.

கூடைப்பந்தில் கல்லூரிப் பெண்கள் இறுதி ஆட்டம் வரை வந்தது இதுதான் முதல் தடவை. அரையிறுதியில் ஜெயிக்கும்வரை அப்படியோர் அணி இருப்பதே சங்கத்துக்குத் தெரியாது. மறுநாளே வாசலில் பேனர். நிர்வாகிகள் அத்தனை பேரும் சிரித்தார்கள். ஓரத்தில், தபால்தலை அளவில், அணி.

"நம்ம ரத்தத்துலயே ஊறினது" என்றார் செயலாளர் சபாபதி. படிக்கிற காலத்தில் கேரம் ஆடியவர்.

கண்ணாடியைச் சரிசெய்துகொண்டவர் அதுவும் ஆடியதில்லை. மைதானத்தின் குறுக்கே கேன்டீனுக்குப் போனதுண்டு.

ஆனால் பந்து விழும்போதெல்லாம் ஏழாம் எண் திரும்பி, அவரைப் பார்த்துச் சிரித்தாள். அவரைத்தான்.

ரிட்டயர் ஆனபிறகு யாரும் அவரைப் பார்த்து அப்படிச் சிரித்ததில்லை.

இடைவேளையில் உடற்கல்வி இயக்குநர் கிரேஸ்லின் வந்தார். குனிந்து, குரலைத் தாழ்த்தினார்.

"சார், ரெண்டு டீமுக்கும் ஒரே கலரு. டாஸ்ல நமக்கு வெள்ளை வந்துச்சு. நீங்க கத்துறது ராமநாதபுரத்துப் பிள்ளைங்களுக்கு."

சோபாவில் எல்லோரும் குனிந்து தங்கள் டீ-ஷர்ட்டைப் பார்த்தார்கள்.

சபாபதி தொண்டையைச் செருமினார்.

"தெரியும் மேடம். ரெண்டு பக்கமும் உற்சாகப்படுத்தணும். அதானே ஸ்போர்ட்ஸ்மேன்ஷிப்?"

"இனிமே நம்ம பக்கமும் கொஞ்சம் படுத்துங்க சார்."

இரண்டாம் பாதியில் சோபா வெள்ளைக்கு வரிந்துகட்டியது. விட்டதற்கும் சேர்த்து இரட்டைச் சத்தம். பின்னால் மாணவர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

அவரும் கத்திப்பார்த்தார். குரல் எழும்பவில்லை.

ஏழாம் எண் ஒரு பந்து போட்டாள். திரும்பினாள்.

யாரும் கைதட்டவில்லை.

அவளுக்குப் புரியவில்லை. அவளுக்கென்று அரங்கில் வேறு ஆளும் இல்லை. அவ்வளவு தூரத்திலிருந்து அணி மட்டும்தான் பஸ் பிடித்து வந்திருந்தது.

அடுத்தது தவறியது. அதற்கடுத்ததும்.

வெள்ளை ஏறி வந்து ஒரு புள்ளி முந்தியது. சபாபதி போனில் அடுத்த பேனருக்கு அளவு சொல்லிக்கொண்டிருந்தார்.

ஆட்டம் முடியப்போகிற நேரத்தில் ஏழாம் எண்ணை யாரோ இடித்துத் தள்ளினார்கள். அவளுக்கு இரண்டு ஃப்ரீ த்ரோ; தடுப்பார் இல்லாமல் எறியலாம், உள்ளே போனால் தலா ஒரு புள்ளி.

அவள் கை நடுங்கட்டும் என்று அரங்கமே ஊளையிட்டது.

முதல் பந்து உள்ளே போனது. சமம்.

இரண்டாவது பந்தைத் தரையில் தட்டினாள். நிமிர்ந்தாள். சோபா பக்கம் பார்த்தாள்.

அவர் எழுந்தார்.

இரண்டு விரலை வாயில் வைத்து, ஒரு விசில் அடித்தார். அரங்கமே திரும்பிப் பார்த்தது.

சபாபதி போனைக் காதிலிருந்து எடுத்தார். இருபுறமும் இருந்தவர்கள் விசிலடித்தவரை விட்டுத் தள்ளி உட்கார்ந்தார்கள்.

பந்து அவள் கையை விட்டுக் கிளம்பியது.

அவர் உட்கார்ந்தார். இடம் தாராளமாக இருந்தது. காலை நன்றாக நீட்டிக்கொண்டார்.