மூணு ஊதினா

"உங்கள இப்படிப் போட்டுட்டு நான் எங்கயும்—"

"போன்னா போ, மேகலா. சும்மா நின்னுட்டு—"

"ஃபர்ஸ்ட் எய்டு பையைக் கார்லயே வெச்சுட்டு வந்தது யாருங்க? அரைக் கிலோ கனமாம்! ஏத்தத்துல சைக்கிள் இழுக்குதாம்!"

"சரி, நாந்தான். இப்ப அதைப் பேசி?"

அவளுடைய கணவரின் கணுக்கால் ஷூவுக்குள் கோணிக் கிடந்தது. பாறை இறக்கத்தில் முன்சக்கரம் சறுக்கியபோது ஹேண்டில்பாரின் முனை வயிற்றில் குத்தியிருந்தது.

ரத்தம் ஒரு சொட்டும் இல்லை.

இங்கே சிக்னலும் இல்லை. தேயிலைக்கு மேலே, மேட்டு உச்சியில் கிடைக்கும். ஏறிப்போக அரை மணி நேரம்.

"வயிறு எப்படி இருக்குதுங்க? நெசமாச் சொல்லுங்க."

"காலையில தின்ன இட்லி நசுங்கியிருக்கும். வேறொண்ணுமில்ல."

சிரித்தார். அவள் சிரிக்கவில்லை.

அவளுடைய முதுகுப்பை வாரில் தொங்கிய விசிலைக் கழற்றி வாங்கிக்கொண்டார். ஞாயிறுதோறும் கிளம்பும் முன், கூட வரும் ஒவ்வொருவரையும் விசில் ஊதிக் காட்டச் சொல்பவர் அவர்தான். இன்று வந்தது அவர்கள் இருவர் மட்டும்தான்; அவருடைய விசில் அந்தப் பையோடு காரில் கிடந்தது.

"சட்டம் தெரியுமில்ல? ஒண்ணு ஊதினா நல்லா இருக்கேன். மூணு ஊதினா திரும்பி வா."

"மூணு ஊதினீங்கன்னா, உச்சிக்கு நாலடி இருந்தாலும் அப்படியே திரும்பி ஓடி வந்துருவேன். சொல்லிப்போட்டேன்."

"தெரியும் புள்ள. வந்துருவே. போ."

ஏறினாள்.

முதல் வளைவில் ஒரு விசில். நீளமாக, கேலி செய்வதுபோல.

தேயிலைக்குள் நுழைந்தபோது இன்னொன்று.

பிறகு வெகுநேரம் எதுவும் கேட்கவில்லை. நின்றாள்.

ஒன்று.

குட்டையாக. அடுத்தது வருமா என்று மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தாள். காற்று மட்டும்தான் வந்தது.

ஒன்று என்றால் நல்லா இருக்கிறார். அவரைத் திட்டிக்கொண்டே மீதி மேட்டை ஏறினாள்.

உச்சியில் ஒரே ஒரு கோடு சிக்னல். ஆம்புலன்சுக்கு இடம் சொன்னாள். வயது நாற்பத்தாறு என்றாள். காலில் அடி என்றாள். வேறெங்காவது அடிபட்டிருக்கிறதா என்று கேட்டார்கள்.

"வயித்துல இடிச்சுதுங்க. ஆனா நல்லாத்தான் இருக்காருங்க. இப்பக்கூட விசிலடிச்சாரு."

ஆட்கள் ஸ்ட்ரெச்சரோடு கிளம்பிவிட்டதாகச் சொன்னார்கள்.

இறக்கத்தில் ஓடினாள். இரண்டு தடவை விழுந்து எழுந்தாள்.

"வர்றாங்க! கேக்குதுங்களா? வந்துட்டே இருக்காங்க!"

தேயிலைக்குள்ளிருந்து ஒரு குருவி விருட்டென்று பறந்து போனது.

அவர் பாறையில் சாய்ந்தபடியே இருந்தார். விசில் உதட்டில் இருந்தது. கண்கள் அவள் ஏறிப்போன தடத்தின் மேல் இமைக்காமல் இருந்தன.

அவருடைய இரு கைகளின் பக்கமும் புல் வேரோடு பிடுங்கப்பட்டுக் கிடந்தது. கொத்துக் கொத்தாக. கை எட்டும் தூரம்வரை வெறும் மண்.

அவள் போகும்போது அங்கே புல் இருந்தது.

மெல்ல உட்கார்ந்தாள். உதட்டிலிருந்து விசிலை எடுத்தாள். இன்னும் ஈரமாக இருந்தது.

"ஒண்ணுதானுங்களே ஊதினீங்க?"