வெட்டாத இளநீர்

இளநீரின் மேல் இறங்கப்போன கத்தியை அவள் கண்ணாலேயே நிறுத்தினாள்.

"தாகத்தோட வர்றாரும்மா" என்றார் கேப்டன் ஒபதியா.

"கூட்டம் முடியட்டும் மாமா."

ஊர்த்தலைவரை அந்தத் தீவில் கேப்டன் என்பார்கள். அவர் ஓட்டியதெல்லாம் துடுப்புப் படகுதான். அவளுக்குத் தாய்மாமன். அவள் தீவின் முதல் வக்கீல். இன்று யார் பேச்சு எடுபடும் என்பது இருவருக்கும் தெரியும்.

துறைமுகத் திட்ட அதிகாரி படகுத்துறையிலிருந்து நடந்து வந்துகொண்டிருந்தார். சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது.

தங்கள் இளநீரைக் குடித்தவருக்கு அன்றைக்கு முகத்துக்கு நேரே இல்லை என்று சொல்வதில்லை; சேர்ந்து குடித்தால் இரு பக்கமும் சொல்வதில்லை. தீவின் வழக்கம் அது. அவள் படித்த சட்டப் புத்தகம் எதிலும் இல்லை.

போன முறை அவள் சென்னையில் படித்துக்கொண்டிருந்தாள். அதிகாரி வந்தார். குடித்தார். துறைமுகத்துக்குக் கிழக்குக் கரையைக் கேட்டார். ஒருவரும் வாய் திறக்கவில்லை.

ஆட்சேபனை இல்லை என்று எழுதிக்கொண்டு போனார்.

இப்போது மேற்குக் கரை. அதுவும் போனால் படகை இறக்க இடமில்லை.

பழங்குடி மன்றம் வாய்விட்டு மறுத்தால் திட்டம் நிற்க வேண்டும். கோர்ட்டில் அந்த உரிமையை வாங்கிவிட்டாள். வாய்விட்டு மறுக்க வைப்பதுதான் பெரும்பாடாக இருந்தது.

அதிகாரி உட்கார்ந்தார். இளநீர்க் குலையைப் பார்த்தார். பார்க்காத மாதிரி இருந்துகொண்டார்.

கேப்டனுக்கு உடம்பு கூசியது. வந்தவரை வறண்ட நாக்கோடு உட்காரவைத்து அவருக்குப் பழக்கமில்லை. அவளுக்கும் வெட்கமாகத்தான் இருந்தது.

மேற்குக் கரையில் துறைமுகம் கட்டலாமா என்று அதிகாரி கேட்டார்.

ஒவ்வொருவராக எழுந்தார்கள்.

வேண்டாம்.

வேண்டாம்.

கடைசியில் கேப்டன். தரையைப் பார்த்துச் சொன்னார். சொன்ன கையோடு கத்தியை எடுத்துவிட்டார்.

அவள் தடுக்குமுன் இளநீர் அதிகாரியின் கையில் இருந்தது.

அவர் இன்னும் எதையும் எழுதவில்லை.

ஒரே மூச்சில் குடித்தார். வாயைத் துடைத்துக்கொண்டார். பேனாவைத் திறந்தார்.

"முழுக் கரையும் வேண்டாம், கேப்டன். பாதி தரலாமே?"

கேப்டன் வாயைத் திறந்தார். பேச்சு வரவில்லை. யாருக்கும் வரவில்லை.

பேனா தாளைத் தொடப்போனது.

இன்னொரு இளநீரை அவளே வெட்டினாள். அவர் எதிரே உட்கார்ந்து மெதுவாகக் குடித்து முடித்தாள்.

"சேர்ந்து குடிச்சிட்டோம் சார். இனிமே நீங்க கேட்டா நாங்க முடியாதுன்னு சொல்ல மாட்டோம்."

அதிகாரி சிரித்தார்.

"நாங்க கேட்டா நீங்களும் சொல்லக் கூடாது. குடிக்கிறதுக்கு முன்னாடி இவங்க சொன்னதை அப்படியே எழுதிக் கொடுங்க."

அதிகாரி கையிலிருந்த காயைக் குலுக்கிப் பார்த்தார்.

ஒரு சொட்டும் மிச்சமில்லை.