படத்துல எந்த ஊரு?

"இது எங்கே எடுத்ததுன்னு சொல்லு பாப்போம்," என்று ஒரு படத்தை அனுப்பிவிட்டு அக்கா போனில் கேட்டாள்.

"பாப்பா பின்னால ரயில் பாலம். நிழல் காலடியில விழுது, உச்சி வெயில். தண்ணித் தொட்டியில பாதிப் பேரு தெரியுது..." இரண்டே நிமிடத்தில் தம்பி தெருப் பெயரையே சொல்லிவிட்டான். "எப்பூடி? ஐயா யாரு!"

அக்கா அந்தப் படத்தை உடனே அழித்தாள்.

"என்னக்கா, தோத்ததும் உம்முன்னு ஆயிட்டே?"

"இரு, இன்னொண்ணு." தையல் மெஷின் மேல் கிடந்த வெள்ளைத் துணியைச் சுவரில் மாட்டி, முன்னால் மகளை நிற்கவைத்து, முகத்தை மட்டும் எடுத்து அனுப்பினாள்.

பத்து நிமிடம் தம்பி படத்தைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தான்.

"தோத்துட்டேன்க்கா. தலைகீழா நின்னாலும் முடியல."

அக்காவுக்கு அப்பாடா என்றிருந்தது. புருஷனின் அடிக்குப் பயந்து மகளோடு ஓடிவந்து எட்டு மாதம். இருக்கும் இடத்தை அம்மாவிடமும் சொல்லவில்லை, தம்பியிடமும் சொல்லவில்லை. பேத்தி முகத்தையாவது காட்டு என்று அம்மா அழுகிறாள். ஆனால் புருஷன் தினமும் வந்து அம்மாவின் போனைப் பிடுங்கிப் பார்க்கிறான்.

"அப்ப இதை அம்மாவுக்கு அனுப்பிடறேன்டா. உனக்கே தெரியலைன்னா உங்க மாமாவுக்கு எங்கே தெரியப்போகுது? இந்த விளையாட்டுல அவரையே ஜெயிச்சவனாச்சே நீ!"

தம்பி அவசரமாகக் குறுக்கிட்டான்.

"அனுப்பிடாதேக்கா," என்றான். "அது சும்மா உங்கிட்ட பீத்திக்கிட்டது. மாமாவை நான் ஒரு தடவைகூட ஜெயிச்சதில்ல."