அண்ணனுக்கு ஒரு நாப்

“அக்கா, கிட்டாரைக் கொஞ்சம் ஏத்துங்களேன்!”

ஒரு பாட்டு முடிந்து அடுத்தது தொடங்குவதற்குள் கிட்டார் பையன் மேடையிலிருந்து கத்துகிறான். இது ஏழாவது தடவை.

மேடை என்றால் பெரிதாக நினைத்துவிட வேண்டாம். சலவைக்கடை மாடியில் நாலு பலகை, எதிரே நாற்பது நாற்காலி, அவ்வளவுதான்.

தலையாட்டிவிட்டு, சத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் சவுண்ட் மிக்ஸரில் கடைசி நாப்பைத் திருகினேன். பதினாறாவது. அதன் கீழே டேப் ஒட்டி ‘அண்ணன்’ என்று எழுதி வைத்திருக்கிறேன்.

அந்த நாப்புக்கும் உலகத்துக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது. அதில் நான் வயரே செருகுவதில்லை.

புதிதாக வருகிற எந்த பேண்டிலும், தன் சத்தம் மட்டும் கேட்கவில்லை என்று ஒருத்தன் இருப்பான். அவனுக்காகவே அது. திருகுவதைக் கண்ணால் பார்த்தால் போதும், முகம் மலர்ந்துவிடும்.

இவனும் மலர்ந்தான்.

இவனுடைய உண்மையான நாப் ஒன்பதாவது. அதை டெஸ்டிங்கிலேயே கச்சிதமாக வைத்துவிட்டேன். இனி அதைத் தொடுவதாக இல்லை.

மூன்றாவது வரிசையில் மேடம். பெரிய ஹாலில் வாசிக்க ஒரே ஒரு பேண்டை எடுக்க வந்தவர். முதலில் வாசித்த இரண்டு பேண்டுகளுக்கும் உதட்டைப் பிதுக்கிவிட்டார். மிச்சம் இவர்கள்தான். இவன் இப்படி நொய்நொய் என்று கேட்டுக்கொண்டே இருந்தால் இவர்களும் காலி.

மேடம் எழுந்து நேராக என்னிடம் வந்தார்.

“கிட்டார் எங்கேயோ அடியில கிடக்கேம்மா. இன்னும் துளி தூக்கு.”

கை பழக்கதோஷம். அண்ணனைத் திருகிவிட்டேன்.

“ஆங்... இப்பதான் உயிர் வந்துச்சு!”

மேடமுமா!

சிரிப்பை அடக்க மேஜைக்கு அடியில் குனிந்தேன். இதில் வேடிக்கை, எனக்கே கிட்டார் ஏறின மாதிரி இருந்தது. மனசு எதையும் நம்பும்.

மேடம் இவர்களைத்தான் எடுத்தார். நாலு பேரும் கட்டிப்பிடித்துக் குதித்ததில் பலகை ஆடியது.

நான் வயர்களைச் சுருட்டப் போனேன். கிட்டார் வயரைப் பிடித்துக்கொண்டே வந்தால் அது ஒன்பதைத் தாண்டிப் போனது.

“ஒம்பது லூசா ஆடுச்சுக்கா. டெஸ்டிங் முடிஞ்சதும் கழட்டி, கடைசியில சும்மா கிடந்ததுல சொருகிட்டேன். சொன்னேனே, நீங்கதான் ஹெட்போன்ல இருந்தீங்க” என்றான் கிட்டார் பையன்.

கடைசியில் என்றால் பதினாறில். முதல் பாட்டு தொடங்கும்போது அடிமட்டத்தில் கிடந்த நாப். அவன் கேட்ட ஏழு தடவையும் நியாயமாகத்தான் கேட்டிருக்கிறான். ஏழு தடவையும் நான் நிஜமாகவே ஏற்றியிருக்கிறேன்.

“சலிச்சுக்காம ஏத்திக் கொடுத்தீங்கக்கா. வேற யாரா இருந்தா கண்டுக்கவே மாட்டாங்க.”

“அதுக்கென்னடா தம்பி” என்றேன், முகத்தைத் திருப்பிக்கொண்டு.

அவன் படியிறங்கியதும் புது டேப் ஒரு துண்டு கிழித்து, இவ்வளவு நேரமும் வயரே இல்லாமல் கிடந்த ஒன்பதாவது நாப்புக்குக் கீழே ஒட்டினேன்.

‘அக்கா.’