எட்டாவது பந்து

முழங்கால் வரை சேறு. அதிலிருந்து வலது காலைப் பிடுங்கி, உடம்பைச் சாய்த்து, தண்டாயுதபாணி ஓங்கி அடித்தார். பந்து உருண்டுபோய் முதலாளி ஆத்தப்பனின் மேஜைக்கு அடியில் நின்றது.

அடித்தது குடையால். பந்து, ஒரு நூல் உருண்டை. சேறு மட்டும் பதினோரு வருடத்துக்கு முந்தைய 1953-ஆம் வருடத்துச் சேறு.

"கடைசி நிமிசமுங்க. அந்த ஒரே கோலுலதான் எங்க காலேஜுக்குக் கோப்பை," என்றார் மூச்சு வாங்க.

கோவையில் நடந்த கல்லூரி ஹாக்கி இறுதி ஆட்டத்தின் அந்தக் கோலுக்காகவே, ஆத்தப்பன் தன் பனியன் கம்பெனி அணிக்கு அவரைக் கோச்சாக வைத்திருந்தார். ஆறு வருடம் கழித்து இன்றுதான் வேலையை நிரந்தரமாக்கும் உத்தரவு மேஜைமேல் கிடந்தது.

ஆத்தப்பன் பேனாவைத் திறந்தார். அப்போது, உடுமலை மில்லிலிருந்து நூல் சாம்பிள் கொண்டுவந்து ஓரமாக உட்கார்ந்திருந்தவர் எழுந்து, சுவரிலிருந்த போட்டோவைப் பார்க்கப் போனார். அந்தக் கோப்பையைச் சுற்றி இரண்டு அணிகளும் நிற்கும் போட்டோ.

"இதா, காலுல பேடு கட்டீட்டு நிக்கிறது நானுங்க. நாச்சிமுத்து. எதிர் டீம் கோல்கீப்பர்."

தண்டாயுதபாணியின் கையிலிருந்து குடை நழுவியது.

ஆத்தப்பன் பேனாவை மூடினார். "அட, பந்தை விட்டவரே வந்துட்டீங்களா! கோச்சு சொல்றது நெசந்தானுங்களா?"

நாச்சிமுத்து கோச்சை ஏற இறங்கப் பார்த்தார்.

"நெசமுங்க. ஏழு பந்தைத் தடுத்துப்போட்டேன். எட்டாவதுதான் சேத்துல சறுக்கீட்டு என்ற காலுக்கு நடுவால போயிருச்சு."

"ஏழா? கோச்சு அதைச் சொன்னதே இல்லீங்களே!"

"அவரு அடிச்சதைத்தானுங்க அவரு சொல்லுவாரு."

ஆத்தப்பன் சிரித்துக்கொண்டே கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு போட்டோவை நெருங்கினார். "நானும் ஆறு வருசமாப் பார்க்கறேனுங்க. அந்தச் சேத்துல ஆடியும் இத்தனை பேரு பனியன்ல ஒண்ணுலயாவது பொட்டு அழுக்கு இருக்குதா பாருங்க. என்ன சலவை! இப்ப எந்தச் சலவைப் பட்டறைக்காரனுக்கு இது வருது?"

"நல்ல சலவைங்க," என்றார்கள் இருவரும் ஒரே நேரத்தில்.

கையெழுத்து விழுந்தது.

வெளியே, வெயிலில் காய்ந்த துணிகளுக்கு நடுவில் தண்டாயுதபாணி நாச்சிமுத்துவின் கைகளைப் பிடித்துக்கொண்டார்.

"என்னையக் காப்பாத்தீட்டீங்க. நீங்க நெசத்தைச் சொல்லீருந்தா நாளையிலிருந்து நான் பனியன் மடிக்கப் போயிருக்கோணும்."

"சொன்னா நானும்தானுங்க நூல் மூட்டை தூக்கோணும். அந்த ஏழு பந்துக்காகத்தான் மில்லுல என்னையும் கோச்சா வெச்சிருக்காங்க."

நாச்சிமுத்து சுற்றிலும் ஒருமுறை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"மழையில அந்த மேட்சே நடக்கலைன்னு உங்க ஊட்லயாவது சொல்லீருக்கீங்களா?"