பல்லில் கடித்த பறி

இடுப்பளவு தண்ணீரில் முப்பதை நெருங்கும் ராஜாத்தி குனிந்து நகர்கிறாள். இரண்டு கைகளும் சேற்றில் இறால் துழாவுகின்றன. பிடித்ததைப் போடும் ஓலைப்பறியின் கயிற்றைப் பல்லால் கடித்திருக்கிறாள். காலை வெயில் ஏரியெங்கும் சில்லுசில்லாக உடைகிறது. ஒல்லாந்தர் கோட்டையிலிருந்து, கடலில் நிற்கும் கப்பலுக்குத் துணிமூட்டை ஏற்றிப்போகும் படகு அவளருகே வந்து தயங்குகிறது. கழியை ஊன்றி நிற்கிறான் மாலுமி சின்னப்பன், நேற்றுச் சந்தையில் அவளை வயிறு வலிக்கச் சிரிக்க வைத்தவன். "காத்து திரும்பனா கப்பல் கெளம்பிடும்மே. நாலு நாளு சிரிச்சிக்கினு இருக்கலாம், அதுக்கு மேல சத்தியம் பண்ண மாட்டேன். சாயங்காலம் மணல்மேட்டுக்கு வர்றியா?" பக்கத்தில் இறால் தடவும் காசியம்மாள் கத்துகிறாள்: "வாயத் தொறந்துடாதடி, விடிஞ்சதுலேர்ந்து புடிச்சதெல்லாம் பூடும்!" ராஜாத்தியின் கழுத்தில் நீர்த்துளிகள் நடுங்குகின்றன. "இன்னா, வேணாமா?" அவன் கழியைப் பிடுங்குகிறான், படகு நகர்கிறது. அவள் சட்டென்று நிமிர்கிறாள். "நாலு நாளும் வர்றேன்யா!" பறி கவிழ்ந்து விழ, இறால்கள் அவளைச் சுற்றித் துள்ளிச் சிதறுகின்றன. பறியைக் கையில் வாங்கிக்கொண்டு பேசியிருக்கலாம் என்பது, வெறுங்கையை ஆட்டிக்கொண்டு நிற்கும் அவளுக்கு இன்னும் தோன்றவே இல்லை.