பண்டிகைக்கு ஒரு மாவுக்கட்டு

கொரியாவின் அறுவடைத் திருநாளான சூசோக் பண்டிகை நெருங்கும்போது மிரான் இணையத்தில் ஒரு மாவுக்கட்டு வாங்கினாள்.

கை உடைந்தவர்களுக்கான கட்டு அல்ல அது, உடையாதவர்களுக்கானது. வேண்டும்போது மாட்டிக்கொள்ளலாம், வேண்டாதபோது கழற்றலாம். சியோலில் பண்டிகைக் காலத்தில் இதற்கு நல்ல கிராக்கி. வாங்குகிறவர்கள் எல்லாம் மருமகள்கள்.

"ஆபீஸ் படியில வழுக்கிட்டேங்க" என்று கணவன் ஜெஹூனிடம் சொன்னாள்.

"ஐயையோ! அம்மா வீட்டுல ஜோன் யாரு பொரிப்பா?" என்றான் அவன். வலிக்கிறதா என்று அப்புறம்தான் கேட்டான்.

ஜோன் என்றால் சும்மா இல்லை. மீன், பூசணி, இறைச்சி என்று ஒவ்வொன்றாக மாவிலும் முட்டையிலும் தோய்த்து, விடிந்ததிலிருந்து பொழுது சாயும்வரை அடுப்படியில் குந்தியபடி பொரித்துக் குவிக்க வேண்டும். இறந்துபோன மாமனாருக்கு மறுநாள் படையல். படைத்ததை உயிரோடிருப்பவர்கள் ஒரு கை பார்ப்பார்கள்.

மிரானுக்கு வயிற்றில் புண். மாத்திரை சாப்பிட்டால் ஆறும். பண்டிகை நெருங்கினால் மறுபடி திறந்துகொள்ளும்.

"மாத்திரை அது வேலையைச் செய்யுது. நீங்கதான் விட மாட்டேங்கிறீங்க" என்று டாக்டர் சலித்துக்கொண்டார். "இப்படி உள்ளுக்குள்ளேயே வெந்துக்கிட்டிருந்தா புண்ணு எப்பம்மா ஆறும்?"

இதைப் போய் மாமியார் வீட்டில் சொல்ல முடியுமா? போன வருஷம் ஜோன் பொரிக்கும்போதே மயங்கி விழுந்தாள். "நடிக்கத் தெரிஞ்ச பொண்ணு!" என்றார் சின்ன மாமனார் சாங்கியூ. வயிற்றுப் புண்ணை யார் கண்டது? கை உடைந்தால் ஊருக்கே தெரியும்.

பண்டிகைக்கு முந்தின நாள் மாமியார் வீட்டில் கால் வைத்ததுமே சாங்கியூ ஆரம்பித்துவிட்டார்.

"போன வருஷம் வயிறு, இந்த வருஷம் கை. அடுத்த வருஷம் என்ன, காலா?"

கூடத்தில் எல்லோரும் சிரித்தார்கள். ஜெஹூனும் பாதி சிரித்தான்.

மாமியார் ஓக்சுன் சிரிக்கவில்லை. அந்தம்மாள் எதற்குமே சிரித்து மிரான் பார்த்ததில்லை. கல்யாணமாகி வந்த நாளிலிருந்து நல்லதாக ஒரு வார்த்தை கிடையாது, கெட்டதாகவும் ஒரு வார்த்தை கிடையாது. அதுதான் இன்னும் பயம்.

"உள்ள வா" என்றாள் மாமியார்.

அடுக்களையில் முட்டை அடித்து வைத்த பெரிய கிண்ணம் மேடையின் ஓரத்தில் இருந்தது. மாமியாரின் முழங்கை பட்டு அது சரிந்தது.

பாய்ந்து பிடித்தது மிரானின் உடைந்த கைதான்.

ஒரு சொட்டுக்கூடச் சிந்தவில்லை. மிரானுக்கு உயிரே போய்விட்டது. மாமியார் அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அண்ணி!" கூடத்திலிருந்து சாங்கியூவின் குரல். "அந்தக் கை நிஜமாவே உடைஞ்சிருக்கான்னு கொஞ்சம் தட்டித்தான் பாருங்களேன்!"

மாமியார் விறுவிறுவென்று அடுக்களை வாசற்படிக்குப் போனாள். முடிந்தது கதை, இனி ஜென்மத்துக்கும் இந்த வீட்டில் தலை நிமிர முடியாது என்று மிரான் கண்ணை மூடிக்கொண்டாள்.

"எக்ஸ்ரேயை நானே பார்த்தேன், தம்பி. ரெண்டு எடத்துல விரிசல். ஆறுறதுக்கு நாளாகும்."

மிரான் கண்ணைத் திறந்தாள்.

"அப்ப ஜோன்?" என்றார் சாங்கியூ.

"ஜெஹூன், வந்து ஏப்ரன் கட்டு. தம்பி, நீங்களும் எந்திரிங்க. ரெண்டு கையும் நல்லாத்தானே இருக்கு?"

"ஆம்பளைங்க பொரிச்சா முன்னோருங்க ஏத்துக்குவாங்களா அண்ணி?"

"முன்னோர் யாரு, உங்க அண்ணன்தானே? அவர்கிட்ட நான் பேசிக்கிறேன்."



மாமியார் திரும்பி வந்து கதவைச் சாத்தினாள். மிரானின் மாவுக்கட்டில் தொங்கிய பட்டையை இழுத்து இறுக்கினாள்.

"தொளதொளன்னு இருக்கு. தம்பிக்குக் கழுகுக் கண்ணு."

"மன்னிச்சிடுங்க அத்தை." மிரானுக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. "வேணும்னு ஏமாத்தலை. வயித்துல புண்ணு. சொன்னா யாரும்..."

"நம்ப மாட்டாங்க. எனக்கும் வயிறுதான். யாரும் நம்பல." என்றாள் மாமியார். "போன வருஷம் நீ விழுந்தப்பவே நான் வாயைத் திறந்திருக்கணும். நீயே சொல்லுவேன்னு இருந்துட்டேன். தப்பு என்னோடதுதான்."

"என்மேல கோபம் இல்லையா அத்தை?"

மாமியார் தன் வலது கைச் சட்டையை முழங்கைவரை ஏற்றினாள். மணிக்கட்டிலிருந்து மேலே தோல் வெந்து சுருங்கி, வெள்ளை வெள்ளையாகத் திட்டுத் திட்டாக இருந்தது.

"உனக்குக் கடையில கிடைக்குது" என்றாள். "எனக்குக் கொதிக்கிற எண்ணெயை எடுத்து நானே ஊத்திக்க வேண்டியிருந்ததும்மா."